கிணற்றுத் தண்ணீரை வைத்து ஆராய்ச்சி சொல்லிக்கொடுப்பது: இளங்கலை ஆசிரியர்களுக்கு ஒரு செமஸ்டர் வழிகாட்டி

டிசம்பர் பிறந்தால் எங்கள் பக்கம் ப்ராஜெக்ட் சீசன். ஆறாவது செமஸ்டர் பசங்க நாலைந்து பேராகச் சேர்ந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் ஏதாவது ஒரு கடைக்குப் போவார்கள். தலைப்பு, ரிசல்ட், கிராஃப், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் ஒரே பில்லில் கிடைத்துவிடும். ஒரு வருஷம் என் மேசைக்கு வந்த ரிப்போர்ட்டின் நன்றியுரையில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கல்லூரி முதல்வருக்கு நெஞ்சார்ந்த நன்றி சொல்லியிருந்தார்கள். எனக்குப் பசங்க மேல் கோபம் வரவில்லை. மூன்று வருஷமாக விடை தெரிந்த சோதனைகளை மட்டும்தானே செய்ய வைத்தோம்? சீனியர் ரெக்கார்டில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, ப்யூரெட் ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அப்படிப் பழகியவர்களிடம் கடைசி செமஸ்டரில் திடீரென்று 'ஆராய்ச்சி பண்ணு' என்றால் கடைக்குத்தான் போவார்கள்.

நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். 'ஆராய்ச்சி முறையியல்' என்று ஒரு தாள் வைத்து, கருதுகோள் என்றால் என்ன, மாதிரி எடுத்தல் எத்தனை வகை என்று குறிப்பு கொடுத்துப் பார்த்தேன். பரீட்சையில் நன்றாக எழுதினார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது செய்வது வேறு. ஊரில் யாருக்கும் உறுதியாக விடை தெரியாத ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு, வகுப்பு முழுக்க ஐந்து மாதம் அதன் பின்னாலேயே போகிறோம். கருதுகோளும் மாதிரியும் வழியில் தானாக வந்து சேர்கின்றன. கீழே இருப்பது அந்த வழி. தாவரவியல்காரர்கள் கிணற்றுக்குப் பதில் கிளுவை வேலியையும், விலங்கியல்காரர்கள் குளத்துப் பறவைகளையும் வைத்துக்கொள்ளலாம்.

செலவு பெரிதாக இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் (டிடிஎஸ்) என்று காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டர் இரண்டு, கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு, பாட்டில்கள், பைக்குக்குப் பெட்ரோல். வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு இருக்கிற ஆசிரியருக்குப் பெரிய செலவு நேரம்தான். அதனால் பத்துக் குழுவுக்குப் பத்துத் தலைப்பு கொடுக்காதீர்கள். ஒரே கேள்வி, குழுவுக்கு ஐந்தாறு கிணறு. நீங்களும் பிழைப்பீர்கள், தரவும் ஒன்றாகச் சேரும்.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக்குவது

முதல் நாள் தலைப்பு கேட்டால் 'நொய்யல் ஆற்று மாசு', 'மஞ்சளின் மருத்துவக் குணங்கள்' என்று வரும். இவை தலைப்புகள். இவற்றுக்கு விடை என்று ஒன்று கிடையாது, அதனால் தப்பாகவும் போக முடியாது. நான் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பேன்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடித்துச் சொல்கிற, ஆனால் நீங்கள் ஒருநாளும் சரிபார்க்காத ஒரு விஷயத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்.

பிரமாதமாக வரும். 'கொழுக்கட்டைப் புல் மேய்ஞ்ச மாட்டுப் பால்ல நெய் அதிகம்.' 'சிறுவாணித் தண்ணில பருப்பு சீக்கிரம் வேகும்.' ஒரு வருஷம் ஒரு மாணவி எழுதியது: 'வாய்க்கால்ல தண்ணி விட்டா எங்க கிணத்து உப்புத் தண்ணி நல்ல தண்ணி ஆயிரும்னு அப்பாரு சொல்லுவாரு.' அதைத்தான் பிடித்துக்கொண்டோம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் கிளம்பி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அதை நம்பி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். வாய்க்காலுக்கு கான்கிரீட் போட வேண்டும், கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டும் என்று ஒரு தரப்பும், கான்கிரீட் போட்டால் கசிவு நின்று கிணறுகள் வறண்டுவிடும் என்று இன்னொரு தரப்பும் பல வருஷமாக மோதிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வகுப்பில் இரண்டு தரப்பு வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். கேள்வியில் சூடு இருந்தால்தான் பசங்க ஞாயிற்றுக்கிழமை பைக் எடுப்பார்கள்.

அப்புறம் கேள்வியை இறுக்க வேண்டும். அன்றைக்குப் பேசியது ஏறத்தாழ இப்படி:

"நல்ல தண்ணின்னா என்ன கண்ணு?"

"உப்புக் கரிக்காதுங்க சார்."

"கரிக்கறதை எதுல அளப்ப?"

"டிடிஎஸ் பார்க்கலாங்க."

"எந்தக் கிணத்துல?"

"வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கறதுலங்க."

"எவ்வளவு தூரம் வரைக்கும்? போர்வெல்லா, திறந்த கிணறா?"

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். பின் பெஞ்சில் ஒருவன் எழுந்தான்: "மேல்பக்கக் கிணத்துலயும் பார்க்கோணுங்க சார். அங்கயும் நல்லா ஆச்சுன்னா வாய்க்கால் காரணமில்லீங்களே." கட்டுப்பாட்டுக் குழு என்ற சொல்லை நான் அன்று சொல்லவில்லை. பொருளை அவனே கண்டுபிடித்துவிட்டான். பெயரை அடுத்த வாரம் சொன்னேன்.

இரண்டு வாரம் இழுபறிக்குப் பிறகு கரும்பலகையில் நின்றது இது: வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் (சரிவில் தாழ்ந்த பக்கம்) 500 மீட்டருக்குள் இருக்கும் திறந்த கிணறுகளில், தண்ணீர் விடுவதற்கு முன்பும் விட்டு ஆறு வாரம் கழித்தும் டிடிஎஸ் எவ்வளவு மாறுகிறது? மேல்புறக் கிணறுகளிலும் அதே அளவு மாறுகிறதா?

ஒரு கேள்வி தேறுமா என்று பார்க்க என்னிடம் ஒரே சோதனைதான். 'என்ன எண் வந்தால் நாம நினைச்சது தப்புன்னு ஒத்துக்குவோம்?' இதற்கு விடையை அளப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பக்கத்துக்கு ஏப்ரலில் வேலை இருக்கிறது.

இந்த இரண்டு வாரத்தில் ஒரு வகுப்பை ஊர்க் கதைக்கு ஒதுக்குவேன். 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதையும், அங்கே இருந்த விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் கரும்பை நாணல் இனத்துக் காட்டுப் புல்லோடு கலந்து 'கோ 205' ரகத்தைக் கொண்டுவந்ததையும், அந்த 'கோ' கோயம்புத்தூரைக் குறிப்பதையும் சொல்வேன். 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலில் கோவையில்தான் பதிவானது. மரவள்ளி, மல்பெரியெல்லாம் வெள்ளை பூத்துப் போனதை வீட்டில் கேட்டால் சொல்வார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஆராய்ச்சி என்பது பெங்களூருக்கு அந்தப் பக்கம் நடக்கும் காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது தேவைப்படுகிறது.

இரண்டாவது படி: நோட்டு

லாங் சைஸ், தைத்த நோட்டு. முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட வேண்டும். பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பானால் ஒரே கோடு, அடியில் இருக்கிற எண் தெரிய வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதி வீட்டுக்குப் போய் அழகாகக் காப்பி எடுப்பது கூடாது. சேறு பட்ட பக்கத்துக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், என் கதை. முதுகலை ப்ராஜெக்ட்டில் எனக்குப் பதினொரு புள்ளி கிடைத்தது. எட்டு நேர்கோட்டில் உட்கார்ந்தன, மூன்று ஒட்டவில்லை. பென்சிலில்தான் எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன். "கோடு சூப்பரா வந்துருச்சே" என்று வழிகாட்டி தட்டிக்கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது, அந்த மூன்றும் அறை வெப்பநிலை ஏறிய ஒரே மதியத்தில் எடுத்தவை. அதில் ஒரு நல்ல ஆராய்ச்சி இருந்திருக்கலாம். திரும்பிப் பார்க்க எண்கள் இல்லை. வருஷா வருஷம் இந்தக் கதையை வகுப்பில் சொல்கிறேன். நம் தப்பை நாமே சொன்னால்தான் அவர்கள் தங்கள் தப்பைக் காட்டுவார்கள்.

மூன்றாவது படி: மீட்டரைச் சந்தேகப்படுவது

இந்தப் படிக்கு மூன்று வாரம் கொடுங்கள். அவசரப்பட்டுக் களத்துக்குப் போனால் பின்னால் எல்லாம் வீண்.

ஆய்வகத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்து, அதே தண்ணீரை ஒவ்வொருவரும் பத்து முறை அளக்கச் சொல்வேன். ஒருவர் எண் அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. 'ஒரே தண்ணிதானுங்களே சார், எதுக்குப் பத்து தடவ?' என்று கேட்பார்கள். பிறகு எல்லா எண்களையும் பலகையில் புள்ளியாக வைத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரே பக்கெட், ஒரே மீட்டர், ஆனால் எண்கள் சிதறிக் கிடக்கும். கலக்காமல் அளந்தவர், எண் நிற்பதற்குள் எழுதியவர், முந்தைய தண்ணீரை உதறாமல் முக்கியவர் என்று காரணங்களை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்தச் சிதறலின் அகலத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கிணற்றில் அதைவிடச் சின்ன மாற்றம் தெரிந்தால், அது கிணறு மாறியதா கை மாறியதா என்று சொல்ல முடியாது. சிதறலை அளக்கும் திட்ட விலக்கத்தின் சூத்திரத்தை இதற்குப் பிறகு எழுதினால் போதும். எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது இரண்டாவது மீட்டர். வேறு கம்பெனியாக வாங்குங்கள், வேண்டுமென்றே. எங்கள் வகுப்பில் அதே பக்கெட்டுக்கு ஒரு மீட்டர் இன்னொன்றைவிட நானூறு போல அதிகம் காட்டியது. 'ஒண்ணு கெட்டுப்போச்சு' என்றார்கள். எது என்று கேட்டேன். வாக்கெடுப்பு நடத்தினார்கள்! விலை அதிகமான மீட்டர் ஜெயித்தது.

அப்போதுதான் சொன்னேன், இந்த மீட்டருக்கு உப்பே தெரியாது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை, அதாவது மின்கடத்தலை மட்டும் அளக்கிறது. அந்த எண்ணை ஏதோ ஒரு காரணியால் பெருக்கி 'டிடிஎஸ்' என்று திரையில் காட்டுகிறது. சில கம்பெனிகள் 0.5ஆல் பெருக்கும், சில 0.7ஆல். சரிபார்க்கத் தெரிந்த கரைசல் வேண்டும். 0.7456 கிராம் பொட்டாசியம் குளோரைடை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், 25 டிகிரியில் அதன் மின்கடத்தல் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ். இதில் மீட்டரை முக்கினால் 0.5 காரணி உள்ளது 706 அல்லது 707 காட்ட வேண்டும், 0.7 காரணி உள்ளது 989 பக்கம். முக்கிப் பார்த்தார்கள். இரண்டு மீட்டரும் சரியாகவே இருந்தன.

அந்தப் பதினைந்து நிமிடம் கிடைத்ததற்காகவே இந்த ப்ராஜெக்ட்டைச் செய்யலாம் என்பேன். வீட்டில் ஆர்.ஓ. மாட்டுகிறவர் மீட்டரை முக்கிக்காட்டி மிரட்டும்போது இனி இவர்கள் 'எந்தக் காரணிங்க?' என்று கேட்பார்கள்.

முடிவாக, எல்லோரும் மின்கடத்தலையே நோட்டில் எழுதுவது, டிடிஎஸ்ஸுக்கு மாற்றும் காரணியைத் தனியாகக் குறிப்பது, ஒவ்வொரு காலையும் தெரிந்த கரைசலில் சரிபார்த்த பிறகே கிளம்புவது என்று விதி வைத்துக்கொண்டோம்.

நான்காவது படி: எந்தக் கிணறு, எப்போது

இங்கேதான் யோசனை அதிகம் வேண்டும். வழக்கமாக வாய்க்காலில் ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறந்து டிசம்பர் வரை விடுவார்கள். அந்த நேரத்தில் அளந்தால் என்ன பிரச்சினை என்று கேட்டேன். ஒரு மாணவி சொன்னாள், ஐப்பசி கார்த்திகையில் மழையும் வந்துவிடும். கிணறு நல்ல தண்ணியானது வாய்க்காலாலா மழையாலா? பிரிக்க முடியாது. அணையில் இருப்பு இருந்தால் ஜனவரியில் புன்செய்ப் பாசனத்துக்குத் திறப்பார்கள். தை, மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் இருக்காது. வாய்க்கால் ஓடும், வானம் காய்ந்திருக்கும். ஆறாவது செமஸ்டரும் அதே மாதங்கள்தான். அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இதிலும் ஓட்டை இருக்கிறது, அதைப் பசங்களே கண்டுபிடித்தார்கள். டிசம்பரில்தானே வாய்க்கால் நின்றது, ஜனவரியில் நாம் எடுக்கும் 'முன்' மாதிரியில் பழைய கசிவு இன்னும் இருக்குமே? இருக்கும். உண்மையான வறட்சி மாதிரி வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் எடுக்க வேண்டும், அப்போது இவர்கள் கல்லூரியை விட்டே போயிருப்பார்கள். அதற்கு என்ன செய்தோம் என்பது கடைசியில்.

கிணறு தேர்வில் எல்லோரும் மாமன் தோட்டம், சித்தப்பா தோட்டம் என்றே கொண்டுவருவார்கள். சொந்தக்காரர் கிணறு எல்லாம் ஒரே வளவில் இருக்கும். ஊர் வரைபடத்தில் கீழ்ப்புறம், மேல்புறம் இருக்கிற கிணறுகளுக்கு எண் போட்டு, சீட்டுக் குலுக்கி, பக்கத்துக்குப் பன்னிரண்டு என 24 எடுத்தோம். குலுக்கலில் வந்த தோட்டக்காரர் 'வேண்டாம் போங்க' என்றால் அடுத்த சீட்டு. அவர் மறுத்ததையும் நோட்டில் எழுத வேண்டும்.

தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரியாத மூன்று விஷயத்தை ஒரு பெரியவர் திண்ணையில் வைத்துச் சொல்லிவிட்டார். அந்த மடை ஒற்றைப்படை மதகா இரட்டைப்படை மதகா என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் போகத்தில் வயலுக்குத் தண்ணீர் பாயும். எனவே கிணற்றுக்கு வருவது வாய்க்கால் கசிவு மட்டுமா, வயலில் பாய்ந்து இறங்குவதும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். பாறை எங்கே மேலே இருக்கிறது, எங்கே கீழே என்று கையைக் காட்டினார். மூன்றாவதை அப்போது நாங்கள் காதில் வாங்கவில்லை: "போர்த் தண்ணிய கிணத்துல உட்டுத்தான் கண்ணு இப்பெல்லாம் பாய்ச்சறாங்க."

ஐந்தாவது படி: களம்

சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் ஓடிய பிறகு குழாயில் பிடிக்க வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும். ஒரு கிணற்றுக்கு இரண்டு பாட்டில். பாட்டில் மேல் ஊர், பெயர் எதுவும் கூடாது, எண் மட்டும். அளப்பவருக்கு அது மேல்புறமா கீழ்ப்புறமா என்று தெரியாமல் இருப்பது நல்லது. கான்கிரீட் வேண்டாம் என்கிற வீட்டுப் பையனுக்குக் கீழ்ப்புறக் கிணறு நல்ல எண் காட்ட வேண்டும் என்ற ஆசை இருக்கும், அதில் தப்பில்லை. ஆசைக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டால் போதும். தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதிக்கொள்ள வேண்டும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு போகாவிட்டால் மோட்டார் ரூமில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆறாவது படி: காத்திருக்கும் ஆறு வாரத்தில் படிப்பது

ஆராய்ச்சிக் கட்டுரை வாசிப்பை முதல் மாதத்திலேயே வைத்துவிடும் பாடத்திட்டங்கள் இருக்கின்றன. அது வேலைக்காகாது. சொந்தமாக 24 பாட்டில் சுமந்தவனுக்குத்தான் இன்னொருவர் மாதிரி எடுத்த விதத்தில் அக்கறை வரும்.

ஆங்கிலம் ஒரு தடைதான், மறைக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். அதனால் ஒரே ஒரு கட்டுரை, மூன்று வாரம். முதல் வாரம் படங்களும் அட்டவணைகளும் மட்டும். கிடைமட்ட அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, இந்தப் படம் என்ன சொல்கிறது என்று தமிழில் இரண்டு வரி எழுத வேண்டும். இரண்டாவது வாரம் செய்முறைப் பகுதி. எத்தனை கிணறு, எந்த மாதம், எந்த மீட்டர், நம்முடையதைவிட என்ன நன்றாகச் செய்தார்கள், எதை விட்டார்கள். மூன்றாவது வாரம்தான் முன்னுரையும் முடிவுரையும். முடிவுரையில் அவர்கள் சொன்னதற்குப் படங்களில் ஆதாரம் இருக்கிறதா என்று அடிக்கோடிட வேண்டும். சில வரிக்கு ஆதாரம் கிடைக்காது. அச்சில் வந்த ஆங்கிலமும் தப்பலாம் என்று ஒரு இருபது வயதுப் பெண் முதல்முறை கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

தேடுவதற்குக் கூகுள் ஸ்காலர் போதும். ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது, இலவசம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மாவட்ட அறிக்கைகளையும் படிக்க வையுங்கள். நம் பக்கம் ஏன் கடினப் பாறை, தண்ணீர் ஏன் வெடிப்புகளில் மட்டும் நிற்கிறது என்பது அதில் கிடைக்கும். கட்டுரைக்குக் காசு கேட்டால் கட்டாதீர்கள். எழுதியவருக்கு மரியாதையாக நாலு வரி மெயில் போடச் சொல்லுங்கள், பல பேர் அனுப்பிவிடுவார்கள். அந்த நாலு வரி எழுதுவதும் ஒரு பயிற்சி.

ஏழாவது படி: எண்களோடு மல்லுக்கட்டுவது

இரண்டாவது சுற்று முடிந்ததும் எல்லோரும் எக்ஸெல்லில் சராசரி போட ஓடுவார்கள். தடுத்து நிறுத்துங்கள். முதலில் கிராஃப் தாளில் 24 புள்ளி, கையால்.

ஏன் என்று ஒரு உதாரணக் கணக்கு. பன்னிரண்டு கிணற்றில் பதினொன்றில் டிடிஎஸ் 100 குறைந்திருக்கிறது, ஒன்றில் மட்டும் 1,400 ஏறியிருக்கிறது என்று வையுங்கள். சராசரி போட்டால் 25 ஏற்றம் என்று வரும். பதினொரு கிணறு நல்லதாக மாறியிருக்க, சராசரி மட்டும் கெட்டுப்போனது என்கிறது. வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பார்த்தால் 100 குறைவு. புள்ளி வைத்துப் பார்த்தவர் இதில் ஏமாற மாட்டார்.

எங்களுக்கும் அப்படி ஒரு கிணறு துருத்திக்கொண்டு நின்றது. 'தூக்கிரலாங்க சார்' என்றார்கள். என் மூன்று புள்ளிகளை நினைவுபடுத்தினேன். பாட்டில் மாறியதா என்று இரண்டாவது பாட்டிலைப் பார்த்தார்கள், அதிலும் அதே எண். நேரில் போனார்கள். தோட்டக்காரர் இடையில் புதுப் போர் ஓட்டி, அந்தத் தண்ணீரைக் கிணற்றில் விட்டுக்கொண்டிருந்தார். திண்ணைப் பெரியவர் சொன்ன மூன்றாவது விஷயம்! நோட்டில் அது எழுதியிருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இனி என்ன செய்வது? எண்ணைப் பார்த்த பிறகு நீக்குவது வழுக்கும் இடம். அந்தக் கிணற்றைச் சேர்த்து ஒரு கணக்கு, சேர்க்காமல் ஒரு கணக்கு, இரண்டையும் ரிப்போர்ட்டில் காட்டுவது என்று முடிவெடுத்தோம். 'போர்த் தண்ணீர் விடும் கிணறுகள் சேராது' என்ற விதியை அடுத்த வருஷத்துக்கு முன்கூட்டியே எழுதி வைத்தோம்.

மேல்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று பார்க்க டி-டெஸ்ட் சொல்லிக்கொடுக்கலாம். நான் முதலில் சீட்டில் ஆரம்பிக்கிறேன். 24 கிணற்றின் மாற்றத்தையும் 24 சீட்டில் எழுதி, ஒரு போசியில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி 12, 12 ஆகப் பிரிக்க வேண்டும். இரண்டு குவியலின் சராசரிக்கும் வித்தியாசம் எழுத வேண்டும். இப்படி நூறு முறை, குழுக்கள் பிரித்துக்கொண்டால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். வாய்க்காலுக்குச் சம்பந்தமே இல்லாமல், வெறும் குலுக்கலில் எவ்வளவு பெரிய வித்தியாசம் வரும் என்பது கண்முன்னால் தெரியும். நம் உண்மையான வித்தியாசத்தை எட்டியது நூறில் இரண்டு மூன்று முறைதான் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். முப்பது முறை எட்டியிருந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பி-மதிப்பு என்று புத்தகத்தில் இருப்பது இதுதான் என்றதும் பின் பெஞ்சில் ஒருவன் "இவ்வளவுதானுங்களா?" என்றான்.

எங்களுக்கு என்ன விடை வந்தது என்று கேட்பீர்கள். இங்கே சொல்லப்போவதில்லை. 24 கிணற்றையும் ஒரு பருவத்தையும் வைத்து வாய்க்கால் சண்டையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று வகுப்பே எழுதி ஒப்புக்கொண்டது. டிசம்பரில் கையெழுத்துப் போட்ட பக்கத்தை ஏப்ரலில் திருப்பியபோது ஏழு பேர் தாங்கள் நினைத்தது தப்பு என்று அடியில் எழுதினார்கள். அவர்களுக்கு முழு மார்க்.

எட்டாவது படி: எழுதுவது

செய்முறைப் பகுதியை முதலில் எழுதச் சொல்லுங்கள், அது நோட்டிலேயே இருக்கிறது. எழுதியதை வேறு துறை மாணவரிடம் கொடுத்து, அதை மட்டும் படித்து ஒரு கிணற்றில் மாதிரி எடுத்து வரச் சொல்ல வேண்டும். எங்கே வந்து கேள்வி கேட்கிறாரோ அங்கே எழுத்தில் ஓட்டை. முன்னுரை கடைசியில்தான்.

எழுத்துத் திருட்டு பற்றி. 2018ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. இதைப் பசங்க 'பத்துக்குக் கீழ கொண்டுவா' என்ற விளையாட்டாக எடுத்துக்கொண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லை மாற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மென்பொருளைப் பார்ப்பதே இல்லை. பத்தியில் விரலை வைத்து, 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பேன். நோட்டைக் காட்டலாம், அல்லது கட்டுரையைக் காட்டலாம். மேற்கோள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் கையில் கொண்டுவர வேண்டும். சாட்ஜிபிடி கொடுத்த பட்டியலில் ஊரில் இல்லாத கட்டுரைகள் குறைந்தது இரண்டு இருக்கும், தலைப்பும் ஆண்டும் பக்க எண்ணும் போட்டு. கொண்டுவர முடியாததை அடித்துவிடுவோம், அவ்வளவுதான்.

இன்னொன்று, காசு வாங்கிக்கொண்டு மூன்று நாளில் 'சர்வதேச இதழில்' போட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்அப் வரும். 2025இல் யுஜிசி, நம்பகமான இதழ்கள் என்று வைத்திருந்த தன் கேர் பட்டியலையும் கைவிட்டுவிட்டது, இதழை எடைபோடும் வேலை இப்போது நம் தலையில். இளங்கலைப் பிள்ளைக்கு இதழில் பெயர் வர வேண்டிய அவசியமே இல்லை. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எழுதச் சொல்லுங்கள். இந்த நோட்டைக் காட்டினால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

ஒன்பதாவது படி: கைமாற்றிக் கொடுப்பது

ஜூன், ஜூலை மாதிரிக்கு வருகிறேன். போகிற செட், வருகிற செட்டைக் கிணறு கிணறாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். நோட்டு, மீட்டர், கிணறு எண்களின் பட்டியல், 'நாங்க செஞ்ச தப்பு' என்று இரண்டு பக்கம், எல்லாம் கைமாறும். ஜூனியர்கள் வாய்க்கால் வறண்டு கிடக்கும் ஜூலையில் மாதிரி எடுத்து வைப்பார்கள். தரவு வருஷத்துக்கு ஒரு வரிசை வளர்கிறது.

தோட்டக்காரர்களுக்கும் அவரவர் கிணற்றின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பக்கத்துத் தோட்டத்து எண்ணைச் சொல்லக் கூடாது, நிலம் விலை பேசுகிற ஊர் இது. சீட்டைக் கொடுக்கும்போது கட்டாயம் ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லப் பழக்கித்தான் அனுப்புவேன். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

போன மார்ச்சில் நானும் கூடப் போயிருந்தேன். பெரியவர் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். 480.

"ஏனுங் கண்ணு, அப்ப இதக் குடிக்கலாமா?"

சீட்டைக் கொடுத்த மாணவி என்னைப் பார்க்கவில்லை. "உப்பு அளவு சரியா இருக்குதுங்க தாத்தா. ஆனா ப்ளோரைடு இருக்குதா, கிருமி இருக்குதான்னு இந்த மீட்டருக்குத் தெரியாதுங்க. நாங்க அதப் பார்க்கலீங்க."

"அப்ப யாரு பார்ப்பாங்க?"

அவள் சீட்டைத் திருப்பி வாங்கி, பின்பக்கத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடம் எங்கே இருக்கிறது, எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.